26,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு: பெட்ரோல் கலவையை மாற்றும் அந்தக் குட்டிப் பெட்டி

போன வாரம் மாப்ள ஒருத்தன் கேட்டான், "உன் வண்டி மட்டும் எப்படிடா மெதுவா போனாலும் குலுங்காம போகுது, அந்தப் பெட்டியை நானும் வாங்கட்டுமா?" என்று. அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு நாலு நாள் முன்னால்தான் அதே பெட்டியால் வால்பாறை ரோட்டில் கொட்டுகிற மழையில் நின்றிருந்தேன். "வாங்கவே வாங்காதே" என்று ஒரே வரியில் சொல்லி போனை வைத்துவிட்டேன். அது அவனுக்கு நியாயமான பதில் இல்லை, பெட்டிக்கும் இல்லை. அதனால் இப்போது உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

என் வண்டி 400 சிசி வகை, ஒற்றை சிலிண்டர், எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிற வகை), பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. 2021ல் வாங்கினேன். பவர், பிரேக் எதிலும் எனக்குக் குறை இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் உயிரை எடுத்தது. ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் பிடித்து 3,000 ஆர்பிஎம் பக்கம் ஒரே சீராகப் போனால் வண்டி விக்கும். இழுக்கும், விடும், இழுக்கும், விடும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் இது எரிச்சல் என்றால் கொண்டை ஊசி வளைவில் பயம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு. இரண்டாவது கியரில் வண்டியைச் சாய்த்துப் பாதி திரும்பியிருக்கும்போது எஞ்சின் ஒரு விக்கல் விக்கினால் அடிவயிறு சில்லென்று ஆகிவிடும். பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தால் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டொக் டொக்கென்று முட்டிக்கொள்ளும்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். புகையில் இருக்கிற நச்சைக் குறைக்கச் சைலன்சருக்குள் வைத்திருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தக் கணக்கில்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதனால் ஆக்ஸிஜன் சென்சார் புகையை மோந்து பார்த்துக்கொண்டே இருக்க, எஞ்சினை நடத்துகிற குட்டிக் கம்ப்யூட்டரான ஈசியூ கலவையை அந்தக் கோட்டிலேயே பிடித்து வைக்கிறது. சரி, ஊர்க் காற்றுக்கு அது நல்லது. ஆனால் ஒற்றைப் பெரிய சிலிண்டர் குறைந்த ஆக்சிலேட்டரில் சீராக எரிய இன்னும் கொஞ்சம் பெட்ரோல் கேட்கும், காற்றின் பங்கு 13, 13.5 பக்கம் வந்தால்தான் அதற்கு மனசு நிறையும். இப்போது பங்கில் வருகிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் அந்த எத்தனால் தன்னோடு ஆக்ஸிஜனையும் கொண்டு வருவதால் பழைய அளவு ஊற்றினால் கலவை இன்னும் வறண்டு போகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிடும். சென்சார் வேலை செய்கிற இடத்தில் ஈசியூ அதைச் சமாளித்துக்கொள்ளும். சென்சாரே இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்கள்தான் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற ஜெட் என்கிற ஓட்டைத் திருகை மாற்றி அலைகிறார்கள்.

நான் முதலில் வாங்கியது பெட்டி இல்லை, ஆன்லைனில் 900 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு சின்ன பிளக். காற்றின் சூட்டை அளக்கிற சென்சாருக்கு நடுவில் மாட்ட வேண்டும். காற்று குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூவை நம்ப வைத்தால், குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்று அது கூடுதல் பெட்ரோல் ஊற்றும். மாட்டிய முதல் நாள் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஸ்டார்ட் ஆகும்போதே சத்தம் மாறியது, சிக்னலில் கிளட்ச் விட்டால் வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. பத்து நாள் கழித்து விக்கல் திரும்பி வந்துவிட்டது. ஏமாற்றம் தாங்காமல் அந்தப் பிளக்கை அறுத்துப் பார்த்தேன். உள்ளே மின்சாரத்துக்குத் தடை போடுகிற ஒரே ஒரு ரெசிஸ்டர், 1,300 ஓம். கடையில் தனியாக வாங்கினால் இரண்டு ரூபாய்.

இரண்டு ரூபாய்ப் பொருள் என்பதுகூட எனக்குப் பெரிதில்லை, கணக்கே தப்பு என்பதுதான் கோபம். மல்டிமீட்டரை வைத்து என் வண்டிச் சென்சாரை அளந்தேன். 40 டிகிரி சூட்டில் 1,200 ஓம், 20 டிகிரியில் 2,500, 10 டிகிரியில் 3,800 காட்டுகிறது. சித்திரை வெயிலில் 1,200ஓடு 1,300 சேர்ந்தால் 2,500, ஈசியூ 20 டிகிரி என்று நினைத்துக்கொள்ளும், அதாவது முழுசாக 20 டிகிரி பொய். மார்கழி விடியலில் ஊட்டியில் 3,800ஓடு அதே 1,300 சேர்ந்தால் ஏழு டிகிரிதான் பொய். வெயிலில் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாகக் குடிக்கும், குளிரில் 3 சதவீதம்கூட வராது. அதைவிட முக்கியமான விஷயம், ஒரே சீராக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் "பெட்ரோல் அதிகம்" என்று போட்டுக்கொடுத்துவிடும். ஈசியூ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதையே ஞாபகத்திலும் வைத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே வந்து நிற்கும். என் விக்கல் இருந்ததோ சரியாக அந்த ஒரே சீரான ஓட்டத்தில். இந்த வகைப் பிளக்குகளைப் பற்றி முதல் வாரத்தில் எழுதப்படும் புகழ்ச்சியை நம்பாதீர்கள். எழுதினவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் பத்து நாள் ஆகவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் பெட்டி. 2023ல், வாரண்டி முடிந்த பிறகு, ஒன்பதாயிரத்துச் சில்லறை கொடுத்து வாங்கினேன். இது ஒரு பக்கம் ஆக்ஸிஜன் சென்சார், இன்ஜெக்டர் இரண்டுக்கும், மறுபக்கம் ஈசியூவுக்கும் நடுவில் உட்காரும். சென்சார் சொல்வதைக் கொஞ்சம் திருத்தி "கலவை வறண்டிருக்கிறது" என்று ஈசியூவிடம் சொல்லும், அதனால் ஈசியூ ஊற்றினதைத் திரும்பக் குறைப்பதில்லை. மாட்டப் போனபோது எங்கள் மெக்கானிக் தம்பி ஒயரைத் தொடவே மாட்டேன் என்றான். "மொதல்ல செயினைப் பாருங்ணா, இவ்ளோ தொங்குது. ஆக்சிலேட்டர் கேபிளும் லூசுங்ணா. இதை வெச்சுட்டு எந்தப் பெட்டி போட்டாலும் குலுங்கத்தானுங் செய்யும்." செயினை இறுக்கி, கேபிளில் இருந்த ஆட்டத்தை எடுத்து, ஓட்டிப் பார்க்கச் சொன்னான். விக்கல் பாதியாகக் குறைந்துவிட்டது. காசில்லாமல்! மீதிப் பாதிக்குத்தான் பெட்டி.

ஆனால் அந்த மீதிப் பாதி என்ன சுகம் தெரியுமா. 26,000 கிலோமீட்டர் ஆகிறது, இன்னும் சலிக்கவில்லை. மூன்றாவது கியரில் 35ல் ஊர்ந்தால்கூட எஞ்சின் முணுமுணுக்காமல் போகிறது. ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வரும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடித்த சத்தம் போய்விட்டது. சிக்னலில் நிற்கும்போது கணுக்காலில் அடித்த அனலும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. போன சர்வீஸில் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது வெள்ளை வெளேர் என்று இருந்த பீங்கான் இப்போது காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது, அந்தத் தம்பியே வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மைலேஜ் 31லிருந்து 28க்கு இறங்கியது. சும்மா கிடைக்கிற மென்மை இல்லை இது, கூடுதல் பெட்ரோலில் வருவது. புகையிலும் கார்பன் மோனாக்சைடு கூடத்தான் செய்யும். புகைச் சான்று சோதனையில் தேறிவிட்டேன், ஆனாலும் அந்த எண்ணம் மனசில் உறுத்துகிறது, அதனால்தான் பெட்டியில் இருக்கிற அளவுகளில் மிகக் குறைந்த ஒன்றிலேயே வைத்திருக்கிறேன். ஆசைப்பட்டு ஒரு வாரம் மேலே ஏற்றிப் பார்த்தேன். இழுவை கொஞ்சம் கூடியது போலிருந்தது, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்தது, காலையில் ஸ்டார்ட் செய்தால் வாசல் முழுக்கப் பெட்ரோல் வாடை. உடனே இறக்கிவிட்டேன். அதிகம் ஊற்றினால் அதிகம் சுகம் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அப்படி இல்லை. ஒரு அளவுக்கு மேல் அது எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும், கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

இனி அந்த மழை. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனை தாண்டினதும், எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. செல்ப் போட்டால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பஸ் வந்தால் ஒதுங்க இடம் இல்லாத ரோடு அது. ஓரமாகத் தள்ளி, சீட்டைக் கழற்றி, மனைவி செல்போன் வெளிச்சத்தைக் காட்ட, கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். வண்டியோடு வந்த கனெக்டரில் ரப்பர் வளையம் இருக்கிறது, தண்ணீர் போகாது. பெட்டியோடு வந்ததில் அது இல்லை. இன்ஜெக்டர் பக்கத்துக் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பின் இரண்டும் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. பெட்டியின் ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, அசல் கனெக்டர்களை நேராக ஒன்றோடொன்று சேர்த்தேன். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது.

ஒன்பதாயிரம் வாங்குகிறவர்கள் ஒரு ரப்பர் வளையத்துக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கேட்டதற்கு "தண்ணீர் அடித்துக் கழுவினீர்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மழை பெய்கிற நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு விற்கிற பொருள் இது. என் மனைவியை வைத்துக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் அந்த வளைவில் நின்ற இருபது நிமிஷத்தை நான் மறக்கப் போவதில்லை, அதனால் மாப்ளயிடம் சொன்னதை மாற்றவும் போவதில்லை. வாங்காதே.

மெக்கானிக் தம்பி பின்களை மாற்றி, ரப்பர் உள்ள புதுக் கனெக்டர் போட்டு, கிரீஸ் தடவிக் கொடுத்துவிட்டான். 350 ரூபாய் ஆனது. பெட்டி மறுபடியும் என் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, ஏனென்றால் அது இல்லாமல் வால்பாறையிலிருந்து இறங்கி வந்த அந்த 40 வளைவிலும் பழைய விக்கல் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

மாப்ள, நீ முதலில் செயினையும் கேபிளையும் சரிபண்ணு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழியார் வரை போகலாம், போகும்போது உன் வண்டியை நான் ஓட்டுகிறேன், என்னுடையதை நீ ஓட்டிப் பார்.