எலினா லபுர்தெத்துக்காக வாங்க வேண்டிய வட்டு

ழாக் பெக்கர் 1951இல் இயக்கிய ‘எதுவார் ஏ கரோலின்’ என்ற பிரெஞ்சுக் காதல் நகைச்சுவைப் படத்தின் வட்டைப் பரிந்துரைக்க எனக்கு முதற்காரணம், துணை வேடத்தில் வரும் எலினா லபுர்தெத்.

ஏழைப் பியானோ கலைஞனான எதுவாருக்கும் (டானியல் ழெலான்) அவன் மனைவி கரோலினுக்கும் (ஆன் வெர்னோன்) இடையே, அவள் நவநாகரிகத்துக்காகத் தன் உடையை வெட்டிக் குட்டையாக்கியதில் மூளும் சண்டையே கதை. எல்லாம் ஒரே இரவில் நடந்து முடிகிறது.

கரோலினின் மாமா வீட்டு விருந்தில் செல்வச் சீமாட்டி ஃபுளோரன்ஸாக லபுர்தெத் வருகிறார். மான்விழிப் பார்வையால் ஆண்களை மயக்க முடியும் என்று நம்பும் அந்தப் பெண்ணைக் கேலிச் சித்திரமாக்கிவிடுவது எளிது; ஆனால் அவரோ கண்களை மெல்ல விரித்து, தலையைச் சற்றே சாய்த்து, அந்தப் பாவனையை முழு நம்பிக்கையோடு செய்வதால், சிரிக்கும்போதே அவள்மீது நமக்குப் பிரியமும் உண்டாகிறது. ராபர்ட் பிரெஸ்ஸோனின் 1945ஆம் ஆண்டுப் படத்தில் துயரம் தோய்ந்த நடனக்காரி ஆக்னெஸாக நடித்தவர் இவரே என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இலகுத்தன்மை இன்னும் வியப்பளிக்கும். 1961இல் ழாக் டெமியின் ‘லோலா’வில் அவர் ஏற்ற தாய் வேடமும் தேடிப் பார்க்கத் தக்கது.

கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் முகபாவங்களே முக்கியம் என்பதால், மீட்டமைக்கப்பட்ட பதிப்பையே வாங்குங்கள். வசனங்கள் வேகமானவை, பிரெஞ்சு அறியாதவர்கள் வசனவரி உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.