‘லினக்ஸுக்கு 2 ஜிபி போதும்’ என்ற கடைக்காரரும் காணாமல் போன ரேமும்

தங்கை பன்னிரண்டாம் வகுப்பு படித்த 2012-இல் அரசு வழங்கிய இலவச மடிக்கணினி எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. வந்தபோது அதில் 2 ஜிபி ரேம் (நினைவகம்) இருந்தது. பின்னர் காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு 2 ஜிபி வாங்கிப் பொருத்தினேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதாலும், விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இவ்வளவு பழைய கணினியில் இல்லாததாலும், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் எடை குறைந்த ஒன்றை நிறுவி அப்பாவின் செய்தி வாசிப்புக்கும் மின்கட்டணம் கட்டுவதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். நானே செய்திருக்க வேண்டிய வேலையை, நேரமில்லை என்று பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு சர்வீஸ் கடையில் ஒப்படைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கொடுத்த ரசீதில் ‘லினக்ஸ் லைசென்ஸ் 900, இன்ஸ்டலேஷன் 600’ என்று எழுதியிருந்தது. உபுண்டு, மின்ட், டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் எதையும் காசு கொடுக்காமல் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பின்னால் நான்கு பேர் காத்திருந்த கூச்சத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நிறுவும் வேலைக்குக் கூலி கேட்பது நியாயம். இலவசமாகக் கிடைக்கும் உரிமத்துக்கு விலை போடுவது ஏமாற்று.

ஒரு வாரத்தில் வங்கித் தளம், உலாவி பழையது என்று சொல்லி அப்பாவை உள்ளே விட மறுத்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து பார்த்தபோதுதான் நிறுவப்பட்டிருந்தது, உபுண்டுவின் எடை குறைந்த வகையான லுபுண்டு 18.04-இன், பழைய செயலிகளுக்கான 32-பிட் பதிப்பு என்று தெரிந்தது. அதற்கான ஆதரவை லுபுண்டு குழு 2021 ஏப்ரலிலேயே முடித்துக்கொண்டது. குரோம் உலாவியோ 32-பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டுவிட்டது. இந்தக் கணினியின் செயலி 64-பிட். கடைக்காரர் தம்மிடம் வருகிற பழைய கணினி எல்லாவற்றுக்கும் ஒரே பழைய பென் டிரைவைச் செருகுகிறார் என்றே நினைக்கிறேன்.

அதே டெர்மினலில் ‘ஃப்ரீ’ கட்டளை மொத்த நினைவகம் 1.9 ஜிபி என்று காட்டியது. மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, “லினக்ஸ் லைட் சார், அதுக்கு 2 ஜிபி போதும், அதனால அவ்வளவுதான் காட்டும்” என்றார். இயங்குதளம் லேசானது என்பதற்காக ரேம் சுருங்கிவிடாது. உபுண்டு வகையின் 32-பிட் கர்னல்கூட (இயங்குதளத்தின் மையப் பகுதி), கூடுதல் நினைவகத்தை எட்ட உதவும் பிஏஇ வசதியால் 4 ஜிபி முழுவதையும் கண்டுகொள்ளும். வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றினேன். ஒரு ஸ்லாட்டில் பழைய ரேம் தூசி படிந்து கிடந்தது. பக்கத்து ஸ்லாட் காலியாக, கொக்கிகள் விரிந்தபடி இருந்தது, அதற்கு அடியில் ரேமின் அளவுக்கு ஒரு செவ்வகம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்று தெரிந்தது.

பழைய டிடிஆர்3 ரேம் ஒன்றை 500 ரூபாய்க்கு வாங்கிப் போட்டு, மீதி வேலையை நானே செய்தேன். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க முடிவதால், நிறுவுவதற்கு முன் புதிய லுபுண்டுவையும் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ (எடை குறைந்த திரைச்சூழல்) பதிப்பையும் தலா ஒரு மாலை ஓட்டினேன். நினைவகப் பயன்பாடு, லுபுண்டு திறந்தவுடன் 500 எம்பி அளவிலும், மின்டில் 700 எம்பி அளவிலும் நின்றது. ஆனால் ஃபயர்பாக்ஸில் நான்கு தாவல்களைத் திறந்தால் எதிலும் 1.5 ஜிபிக்கு மேல் போய்விடுகிறது. திரைச்சூழல் மிச்சம் பிடிக்கும் 200 எம்பி அங்கே பெரிதாகத் தெரியவில்லை. 2 ஜிபி மட்டுமே இருந்திருந்தால் லுபுண்டுவைத்தான் எடுத்திருப்பேன். அப்பாவுக்குப் பழகிய கீழ்ப்பட்டையும் மெனுவும் அப்படியே இருந்ததால் மின்டை நிறுவினேன். தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக் கொடுத்தேன்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டியவர்கள், கொடுக்கும் முன் நினைவகத்தின் அளவு தெரியும் திரையையும் மூடி திறந்த நிலையில் ரேமின் மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணையும் படமெடுத்து, எந்தப் பதிப்பு, எத்தனை பிட் என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதை நீட்டி நான் சண்டை போட்டதில் ‘லைசென்ஸ்’ 900 ரூபாய் திரும்பி வந்தது. ரேமைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கொடுத்தபோது 4 ஜிபி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை.