எம்கேட் திரும்ப எழுதலாமா வேணாமா? ஏஏஎம்சி பிராக்டீஸ் எக்ஸாம் எனக்கு எவ்ளோ உதவுச்சு

அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்ல சேர்றதுக்கான நுழைவுத் தேர்வு தான் எம்கேட். ஏப்ரல் கடைசில நான் எழுதின எம்கேட்டுக்கு மே கடைசில ஸ்கோர் வந்துச்சு, 507. கெமிஸ்ட்ரி பிசிக்ஸ் 129, பயாலஜி 128, சைக்காலஜி 127, எல்லாம் ஓகே, ஆனா பேசேஜ் படிச்சு அலசி பதில் சொல்ற பகுதியான கார்ஸ்ல 123. ஆம்காஸ் (மெடிக்கல் ஸ்கூல்களுக்கு பொதுவா அப்ளை பண்ற சிஸ்டம்) அப்ளிகேஷன் பாதி ஃபில் பண்ணி வச்சிருந்த நேரம் அது. அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்ல சீட் வாங்கி சேர்றவங்க சராசரி 511, 512 பக்கம் இருக்கு, அதுல கார்ஸ்ல 123ன்னா அது எல்லா காலேஜ் கண்ணுலயும் படும். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. திரும்ப எழுதலாமா, இதோடயே அனுப்பிடலாமான்னு ஒரே யோசனை. இந்த முடிவை எடுக்க நான் நம்புனது எம்கேட்டை நடத்தற அமைப்பான ஏஏஎம்சியோட ஆபிஷியல் முழு நீள பிராக்டீஸ் எக்ஸாம்களைத் தான், அதனால ரெண்டாவது தடவை எழுதறதைப் பத்தி யோசிக்கிறவங்களுக்காகவே இதை எழுதறேன். முதல் தடவை எழுதறவங்களுக்கு இது நல்லா இருக்குன்னு ஏற்கனவே நிறைய பேர் சொல்லியிருக்காங்க.

டெஸ்ட் அப்படியே நிஜ எக்ஸாம் மாதிரி தான். 230 கேள்வி, சயின்ஸ் செக்‌ஷன் ஒவ்வொண்ணுக்கும் 59 கேள்வி 95 நிமிஷம், கார்ஸுக்கு 53 கேள்வி 90 நிமிஷம். ஸ்க்ரீன், ஹைலைட் பண்றது, ஆப்ஷனை அடிக்கிறது எல்லாமே அதே மாதிரி. முடிச்சதும் ஸ்கோர் வந்துடும். கேள்வி எழுதற ஆளுங்களே இதையும் போடறதால கார்ஸ் பேசேஜோட வாசனை வேற யார்கிட்டயும் கிடைக்காது. நான் வெளி கம்பெனி ஒண்ணோட டெஸ்டையும் காசு கொடுத்து வாங்கிப் போட்டேன், அதுல கார்ஸ் கேள்வி எல்லாம் சுத்தி வளைச்சு ஞாபக சக்திய சோதிக்கிற மாதிரி இருந்துச்சு, அந்த ஸ்கோரை வச்சு என்னால எந்த முடிவுக்கும் வர முடியல.

சரி, இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஸ்கோர் வந்து பத்து நாள்ல, ஏற்கனவே மார்ச்ல போட்ட ஒரு டெஸ்டை ரீசெட் பண்ணி திரும்ப போட்டேன், 514 வந்துச்சு. அம்மாகிட்ட ஓடிப்போய் சொன்னேன், அவங்களும் அழுதுட்டாங்க. அடுத்த நாள் தப்பானதெல்லாம் பார்க்கலாம்னு உக்காந்தப்போ தான் எனக்கே உறைச்சுது. ஒரு கார்ஸ் பேசேஜ்ல மூணாவது பத்தி வர்றதுக்குள்ளயே என் கை மூணாவது ஆப்ஷனுக்கு போயிடுச்சு. ஏன் அதுன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல. இருட்டுலயும் நம்ம வீட்டுப் படில கால் தானா ஏறுமே, அந்த மாதிரி. பேசேஜ் மறந்துட்டேன்னு தான் நினைச்சிருந்தேன், ஆனா விடை மட்டும் எங்கயோ ஒட்டிட்டு இருந்திருக்கு. அந்த 514 என் ஸ்கோரே இல்ல.

போன வருஷம் அப்ளை பண்ணின அக்கா ஒருத்தங்ககிட்ட சொன்னேன். அவங்க உடனே, "நீ கண்ணால பார்க்காத டெஸ்ட் ஏதாவது மிச்சம் இருக்காம்மா?" ன்னு கேட்டாங்க. நல்லவேளை, முதல் தடவை டைம் இல்லாம ரெண்டு டெஸ்ட் போடாம விட்டிருந்தேன். அதுல ஒண்ணை ஜூன் நடுவுல, காலைல எட்டு மணிக்கு, நிஜ எக்ஸாம் மாதிரியே பிரேக்கோட போட்டேன். 508. கார்ஸ் மறுபடியும் அதே 123. மொத்த ஸ்கோருக்கு ரெண்டு பாயிண்ட் மேல கீழ இருக்கலாம்னு ஏஏஎம்சியே சொல்றாங்க, அப்போ 507க்கும் 508க்கும் வித்தியாசமே இல்ல. அன்னைக்கே போய் எழுதியிருந்தா அதே ஸ்கோர் தான் வந்திருக்கும், அதுவும் எல்லா காலேஜுக்கும் தெரிஞ்சிருக்கும், ஏன்னா இதுல ஸ்கோரை மறைக்க வழியே இல்ல. அட்டெம்ப்டும் ஒண்ணு போயிருக்கும். வருஷத்துக்கு 3, தொடர்ந்து ரெண்டு வருஷத்துல 4, வாழ்நாளுக்கே 7 தான்.

இன்னொரு விஷயமும் பார்த்தேன். ஏப்ரலுக்கு முன்னாடி போட்ட டெஸ்ட் எல்லாம் சராசரியா 507, 508 தான். அதாவது எக்ஸாம் அன்னைக்கு எனக்கு ஒண்ணும் ஆகல, என் லெவலே அது தான். பிராக்டீஸ்ல 513 எடுத்துட்டு அன்னைக்கு காய்ச்சல்ல 507 வாங்கினவங்க கதை வேற, அவங்க தாராளமா சீக்கிரமே திரும்ப எழுதலாம். என்ன மாதிரி ஆளு ஏதாவது ஒண்ணை மாத்தாம எழுதவே கூடாது.

ரிசல்ட் பக்கத்துல எந்த வகை கேள்வி எவ்ளோ தப்புன்னு பிரிச்சு காட்டும். என்னோடதுல பேசேஜ்ல இருக்கறதை புரிஞ்சுக்கற கேள்வி பெரும்பாலும் சரி, பேசேஜைத் தாண்டி வேற சூழ்நிலைல பொருத்திப் பார்க்கற கேள்வி தான் கொத்து கொத்தா தப்பு. அதுவும் கடைசி ரெண்டு பேசேஜ்ல. 9 பேசேஜுக்கு 90 நிமிஷம், நான் முதல் மூணுக்கே 40 நிமிஷம் சாப்பிட்டிருக்கேன். இது தெரிஞ்சதுக்கப்புறம் தான் ஆகஸ்ட் கடைசி தேதிய புக் பண்ணினேன். அப்ளிகேஷனை ஜூன்லயே 507ஓட அனுப்பிட்டேன், திரும்ப எழுதப்போற தேதியையும் அதுலயே போட்டுட்டேன். ஆம்காஸ் வெரிஃபிகேஷன், அதாவது அப்ளிகேஷனை அவங்க சரிபார்க்கறது, புது ஸ்கோருக்காக நிக்காது, காலேஜ் சிலது ஃபைலை நிறுத்தி வைக்கும், அவ்ளோ தான்.

ஆறு வாரம் தினமும் கார்ஸ் மட்டும், பேசேஜுக்கு பத்து நிமிஷம் டைமர் வச்சு. மிச்சம் இருந்த அந்த ஒரு டெஸ்டை ஆகஸ்ட் முதல் வாரத்துல போட்டேன், 511, கார்ஸ் 127. தேதி மாத்தவோ கேன்சல் பண்ணவோ எக்ஸாமுக்கு பத்து நாள் முன்னாடி வரைக்கும் தான் முடியும், அதனால இந்த கடைசி டெஸ்டை அதுக்கு முன்னாடியே போடணும். இதுலயும் 123 வந்திருந்தா நான் கேன்சல் பண்ணியிருப்பேன், சத்தியமா. செப்டம்பர் கடைசில நிஜ ஸ்கோர் வந்துச்சு, 510, கார்ஸ் 126. பிராக்டீஸ் சொன்னதுக்கு ஒரு பாயிண்ட் தான் கம்மி.

குறைன்னு பார்த்தா, விளக்கம் ரொம்ப சுருக்கம், கார்ஸுக்கு இது சரி அது தப்புன்னு ரெண்டு வரில முடிஞ்சிடும், ஏன்னு நீங்களே மண்டைய உடைச்சுக்கணும். டெஸ்ட் எண்ணிக்கையும் கம்மி தான். அதனால இப்போ முதல் தடவை படிச்சுட்டு இருக்கறவங்க தயவுசெஞ்சு கைல இருக்கற எல்லாத்தையும் போட்டு தீர்த்துடாதீங்க, ரெண்டை தொடாம வைங்க. ஏற்கனவே எல்லாம் தீர்ந்து போச்சுன்னா, பழசை திரும்ப போட்டு வர்ற மொத்த ஸ்கோரை மட்டும் நம்பி தேதி புக் பண்ணாதீங்க. ஃப்ரீயா கிடைக்கிறதுல ஏதாவது நீங்க பார்க்காம விட்டிருக்கீங்களான்னு முதல்ல அக்கவுண்ட்ல போய் பாருங்க.