ஜேர்மனியில் வியாபாரக் குறி பதிந்தவர்களே, "பதிவுக் கட்டணம்" என்று கடிதம் வந்தால் காசு அனுப்பாதீர்கள்

நாங்கள் டோர்ட்முண்டில் இருக்கிறோம். மாமி வறுத்து இடிக்கிற முறையிலேயே மிளகாய்த்தூள் செய்து, மூன்று வருடமாகத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கிறோம். வேறு யாரும் எங்கள் பெயரில் பைக்கற் அடிக்கக்கூடாது என்றுதான் 2024 மே மாதம் மியூனிச்சில் உள்ள ஜேர்மன் காப்புரிமை, வியாபாரக் குறி அலுவலகத்தில் இணையவழியாக விண்ணப்பித்தோம். கட்டணம் 290 யூரோ. பொருட்களை வகைப்படுத்தும் வகுப்புகளில் மூன்று வரை அதற்குள் அடக்கம்; மசாலாச் சாமான்கள் 30ஆம் வகுப்பு. அதை உடனேயே கட்டினோம். அலுவலகத்தின் வேலையில் ஒரு குறையும் இல்லை.

பதிவு வெளியான பிறகு மூன்று மாதம், பழைய குறி வைத்திருப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அந்த நாட்களில் தபாற்பெட்டியைத் திறக்கவே எனக்குப் பயம். அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. மேலே கழுகு மாதிரி ஒரு சின்னம். நடுவில் எங்கள் லோகோ, நிறம்கூட மாறாமல். பதிவு எண், விண்ணப்பித்த திகதி, வகுப்பு, வீட்டு முகவரி எல்லாம் சரி. கீழே 985 யூரோ, பத்து நாள் தவணை, நிரப்பி வைத்த வங்கிப் படிவம்.

அன்று பின்னேரமே கட்டிவிட்டேன். அகதியாக வந்து, ஒவ்வொரு அரசாங்கக் கடிதத்துக்கும் தவணை தப்பாமல் பதில் போட்டு இந்த நாட்டில் வேரூன்றியவர்கள் நாங்கள். தவணை போட்ட கடிதத்தைக் கண்டால் கை தானாகவே காசைக் கட்டும். அதைத் தெரிந்துதான் இவர்கள் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைக்கும்போது இன்னும் வயிறு எரிகிறது.

இரவு மகள்தான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இதில 'அங்கெபோட்' எண்டெல்லோ கிடக்கு. இது பில் இல்லை." 'அங்கெபோட்' என்றால் முன்மொழிவு. வெளிர்சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது: தங்கள் சொந்தத் தரவுத்தளத்தில் எங்கள் குறியைப் போடுவதற்கான முன்மொழிவு, காசு கட்டினால் ஒப்பந்தம். அந்தத் தரவுத்தளத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டப்படி எங்கள் குறிக்கு ஒரு மாற்றமும் இல்லை. பதிவை வெளியிடுவதற்கென்று அலுவலகம் தனிக் காசு கேட்பதே கிடையாது.

எங்கள் விபரம் எப்படிப் போனது என்று முதலில் விளங்கவில்லை. யாரும் களவெடுக்கவில்லை. அலுவலகத்தின் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. லோகோவையும் முகவரியையும் அங்கிருந்தே எடுக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை வங்கிக்கு ஓடினேன். காசு போய்விட்டது. கணக்கு எண்ணை அப்போதுதான் கவனித்தேன்: 'பிஎல்' என்று தொடங்கியது, போலந்துக் கணக்கு. மியூனிச் அலுவலகத்துக்கான காசு 'டிஈ' என்று தொடங்கும் ஜேர்மன் அரசுக் கருவூலக் கணக்குக்குத்தான் போகும். இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் 985 யூரோ கையில் இருந்திருக்கும்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். பில் மாதிரித் தோற்றமளிக்கும் முன்மொழிவுக் கடிதம் மோசடியாகலாம் என்று 2001இலேயே ஜேர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே "நான்தானே கையெழுத்துப் போட்டேன்" என்று வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். ஏமாற்றிச் செய்வித்த ஒப்பந்தத்தை, ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் சட்டப்படி ரத்துச் செய்யலாம். நான் பதிவுத் தபாலில் ரத்துக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை.

ஒரு மாதத்தில் இன்னொன்று வந்தது, வேறு பெயரில். எங்கள் லோகோவுக்கு "பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழ்" தருகிறார்களாம், 490 யூரோ. இந்த முறை ஏமாறவில்லை. ஜேர்மனியில் பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. படைப்பு உருவாகும்போதே உரிமை பிறக்கிறது, படைத்தவர் இறந்து 70 வருடம் வரை இருக்கிறது. லோகோ வரைந்த தம்பியிடம் நாங்கள் வாங்க வேண்டியது பயன்படுத்தும் உரிமையை எழுத்தில் தருகிற ஒரு தாள்தான். இங்கே பதிப்புரிமையை விற்கவும் முடியாது, பயன்பாட்டு உரிமையைத்தான் கொடுக்கலாம். அந்தத் தாளை அன்றே எழுதி வாங்கிவிட்டேன்.

எங்கள் பதிவு 2034இல் முடிகிறது. புதுப்பிக்க மூன்று வகுப்பு வரை இப்போதைய கட்டணம் 750 யூரோ. அதற்கும் போலிக் கடிதம் வரும் என்று வியாபாரம் செய்யும் ஓர் அண்ணை சொன்னார்; அவருக்கு வந்ததாம். மியூனிச் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் கடைக் கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.