“ஐ7 கம்ப்யூட்டர் 22,000 ரூபாய்” என்று போர்டு பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள்

மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி பழக வீட்டில் ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்றாள். கையில் இருந்தது 25,000. பக்கத்து ஊர்க் கடையில் “ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டரோடு 22,000” என்று எழுதி வைத்திருந்தார்கள். “எல்லாம் புதுசுதானே தம்பி?” என்று இரண்டு முறை கேட்டேன். “புத்தம் புதுசு சார், மூணு வருஷம் வாரண்டி” என்றார். நம்பி வாங்கி வந்தேன்.

மூன்றாவது வாரமே திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. அக்கா மகன் வந்து கேபினெட்டைக் கழற்றினான். வெளியே கண்ணாடியும் கலர் விளக்குமாகப் பளபளக்கிறது. உள்ளே பிராசசர் மேலிருந்த ஃபேனைத் தூக்கினால், சூடு கடத்துவதற்காகத் தடவும் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து உதிர்கிறது. ரேமில் ஏதோ ஆபீஸின் பார்கோடு ஸ்டிக்கர், பாதி சுரண்டியபடி. “மாமா, இது ஐ7-2600. 2011-ல வந்தது” என்றான். எனக்கு வயிறு எரிந்தது.

ஐ3, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பெனி பிராசசர்களின் பெயர்கள். ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாவது. 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் என்னுடையதைப் போலவே நான்கு கோர்தான் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகள்), ஆனால் என் வீட்டு ‘ஐ7’-ஐ அது சுலபமாக முந்திவிடும். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எனக்குக் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்றால், அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ரேமும் டிடிஆர்3 என்ற பழைய வகை, இன்றைய மதர்போர்டுகளில் பொருந்தாது.

பழைய கம்ப்யூட்டர் விற்பதில் தப்பில்லை. செகண்ட்ஸ் என்று சொல்லி, அதற்குரிய விலையைக் கேட்டிருந்தால் நானே யோசித்து வாங்கியிருப்பேன். புதுசு என்று சொன்னதுதான் அநியாயம்.

தயவுசெய்து கடையிலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் போய் சிபியு-வைத் தொட்டால் பிராசசரின் முழுப் பெயர் தெரியும். அப்புறம் பில். “ஜிஎஸ்டி பில் போட்டா 18 சதவீதம் கூட ஆகும் சார்” என்றார் கடைக்காரர், நானும் சரி என்றுவிட்டேன். அங்கேதான் பிடி விட்டுப் போனது. பிராசசர், மதர்போர்டு, எஸ்எஸ்டி ஒவ்வொன்றின் மாடலும் சீரியல் நம்பரும் பில்லில் ஏறாமல் பணம் கொடுக்காதீர்கள்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு என் துண்டுச் சீட்டையே காட்டினார். “கம்ப்யூட்டர் செட் – 1” என்று மட்டும் இருக்கிறது. “இதுல எங்க சார் புதுசுன்னு எழுதியிருக்கு?” என்றார்.

அந்தச் சீட்டு, கடை போர்டின் போட்டோ, யூபிஐ-யில் பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். மகள் இப்போது தோழி வீட்டுக்குப் போய்த்தான் டேலி பழகுகிறாள்.