வெயிலில் வேலை செய்பவருக்கு எந்த எண்ணை நம்புவது? ஹீட் இண்டெக்ஸ், டபிள்யூபிஜிடி, யூடிசிஐ, பிஇடி

இந்த நான்கும் வெப்பம் உடம்பை எவ்வளவு வாட்டும் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவுகள். சென்னையில் மே மாத மதியம், வெப்பநிலை 36, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட் இண்டெக்ஸ் கணக்குப்படி உடம்பு உணர்வது 43 பக்கம். ஆனால் இந்த 43 நிழலில், லேசான காற்றில் நடந்துபோகிற ஒருவருக்கு. 1979இல் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர் போட்ட கணக்கிலிருந்து வந்தது இது. வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டும் தெரிந்தால் போதும் என்பதால் எங்கும் பரவிவிட்டது. நேர் வெயிலில் இதற்கு மேல் 8 டிகிரி வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைத் துறையே எச்சரிக்கிறது. கான்கிரீட் போடும் தளத்தில் நிற்பவருக்கு அந்த 8 டிகிரிதான் பிரச்சினையே.

டபிள்யூபிஜிடி (வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்) வேறு வழியில் போகிறது. 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாமில் வெப்பத்தால் விழுந்த இளைஞர்களைக் காப்பாற்ற உருவானது. மூன்று அளவுகள்: ஈரத்துணி சுற்றி வெளிக்காற்றில் வைத்த வெப்பமானி, கறுப்புச் சாயம் பூசிய செப்புக் கோளத்துக்குள் ஒரு வெப்பமானி, அப்புறம் சாதாரண காற்று வெப்பநிலை. முதலாவதில் 70 சதவீதம், கோளத்தில் 20, காற்றில் 10 எடுத்துக் கூட்டுவார்கள்.

அதே மதியத்துக்குப் போட்டுப் பாருங்கள். வெயிலில் ஈரத்துணி வெப்பமானி 29, கோளம் 48, காற்று 36 என்றால் 33.5 வருகிறது. பக்கத்திலேயே நல்ல நிழலில் ஈரத்துணி 28, கோளம் 37 என்றால் 30.6. மூன்று டிகிரி வித்தியாசம், இங்கே பெரிய விஷயம். ஹீட் இண்டெக்ஸைக் கேட்டால் இரண்டு இடத்துக்கும் அதே 43தான்.

தமிழ்நாட்டிலிருந்து போய்ப் பலர் கட்டுமான வேலை செய்யும் சிங்கப்பூரில் 2023 அக்டோபர் முதல் டபிள்யூபிஜிடியை வைத்துத்தான் விதி: 33ஐத் தொட்டால் கடும் உடலுழைப்புக்கு மணிக்கு 15 நிமிட ஓய்வு. கத்தாரில் 32.1ஐத் தாண்டினால் வெளிவேலையே நிறுத்தம். நம் ஊரில் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், நல்லது. ஆனால் கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க, காற்று வெப்பநிலை 37ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியும் கூடியிருக்க வேண்டும். மேலே சொன்ன 36 டிகிரி புழுக்க நாள் அந்தக் கணக்கில் வராது, மேஸ்திரியும் வேலையை நிறுத்த மாட்டார். இது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

டபிள்யூபிஜிடிக்கும் குறை உண்டு. 33 என்றதும் ‘அவ்வளவுதானா’ என்று தோன்றிவிடும், 43 என்றால் பயம் வரும். காற்றே இல்லாத புழுக்கத்தில் வியர்வை காயாமல் தவிப்பதை இது குறைத்தே காட்டும். வேலை எவ்வளவு கடினம், என்ன உடை என்பதற்கெல்லாம் தனியே அட்டவணை பார்க்க வேண்டும்.

யூடிசிஐ (யுனிவர்சல் தெர்மல் கிளைமேட் இண்டெக்ஸ்) நவீனமானது, மனித உடலின் வெப்பச் சமநிலையையே கணினியில் ஓட்டிப் பார்ப்பது. காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், சுற்றியிருக்கும் சுவரும் தார்ச்சாலையும் வீசும் கதிர்வீச்சு, எல்லாம் உள்ளே வருகிறது. 32க்கு மேல் கடும் வெப்ப அழுத்தம், 38க்கு மேல் மிகக் கடும், 46க்கு மேல் உச்சம். தெருவில் மரம் நட்டால் எவ்வளவு குறையும் என்று பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் அதன் மனிதர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர், செங்கல் சுமப்பவர் இல்லை.

ஜெர்மனியில் பிறந்த பிஇடியும் (பிசியாலஜிக்கல் ஈக்விவலன்ட் டெம்பரேச்சர்) நகரத் திட்டமிடலுக்கானதுதான். ஈரப்பதம் ஏறினாலும் அது பெரிதாக அசையாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு நான் எடுக்க மாட்டேன்.

ஆக, வேலைத்தளத்துக்கு டபிள்யூபிஜிடி, தெரு வடிவமைப்புக்கு யூடிசிஐ, பொதுமக்கள் எச்சரிக்கைக்கு வேறு வழியில்லாதபோது ஹீட் இண்டெக்ஸ். டபிள்யூபிஜிடி கருவி வாங்குபவர்கள் கோளத்தின் அளவைக் கேட்டு வாங்குங்கள். தரப்படி 150 மில்லிமீட்டர். கையடக்கக் கருவிகளில் வரும் 40, 50 மில்லிமீட்டர் கோளம் வெயிலில் குறைவாகவே காட்டும், திருத்தக் கணக்கு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்துணிக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்தால் அளவு தவறும், காய்ச்சி வடித்த தண்ணீர்தான். பெரிய கோளத்தை வெயிலில் வைத்தவுடன் எண்ணைக் குறித்துக்கொள்ளாதீர்கள், நிலைக்கு வர 20 நிமிடமாவது விடுங்கள்.