அமில மழை: சம வெட்டா, காத்த பாத்து வெட்டா, பர்மிட் சந்தையா, காசு குடுத்து நிறுத்தறதா?

1952 லண்டன் புகைமூட்டத்துக்கு அப்பறம் பிரிட்டன்ல கரண்ட் எடுக்கற பிளான்ட் புகைபோக்கிய எல்லாம் உசர உசரமா கட்டினாங்க, ஊருக்குள்ள காத்து தேவலாம்னு ஆச்சு, ஆனா அந்த சல்ஃபர் மேல போயி தென்மேற்கு காத்துல கடல தாண்டி நார்வே, ஸ்வீடன்ல அமில மழையா இறங்குச்சு. அங்க அடில கிரானைட் பாறை, மண்ணுல சுண்ணாம்பு கம்மி, அமிலத்த முறிக்க ஒண்ணும் இல்ல, ஏரில மீன் செத்துச்சு. 1967லயே ஸ்வாந்தே ஓடேன்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி இத பேப்பர்ல போட்டு உடைச்சாரு. சரி, குறைக்கணும், ஆனா யாரு எவ்ளோ குறைக்கறது, செலவு யாரோடது? இதுக்கு நாலு வழிய ட்ரை பண்ணிருக்காங்க.

முதல்ல எல்லாருக்கும் ஒரே வெட்டு. 1985 ஹெல்சிங்கி ஒப்பந்தம், 1980ல விட்ட சல்ஃபர்ல 30 சதவீதத்த 1993க்குள்ள குறைக்கணும், அவ்ளோதான். புரியறதுக்கு ஈஸி, கையெழுத்து வாங்கவும் ஈஸி, ஆனா பிரிட்டனும் போலந்தும் கையெழுத்தே போடல, யாரு போடணுமோ அவங்களே வெளிய. உள்ள வந்தவங்கள்ல பிரான்ஸ் அணுமின் நிலையமா கட்டிட்டு இருந்த நாடு, அவங்களுக்கு இந்த 30 சும்மாவே வந்துடும். ஏற்கனவே நிறைய குறைச்ச நாட்டுக்கு அடுத்த டன் ரொம்ப காஸ்ட்லி, ஒண்ணுமே பண்ணாதவனுக்கு அடுத்த டன் சல்லிசு, ரெண்டு பேருக்கும் ஒரே சதவீதம்னா நியாயம் மாதிரி தெரியும், காசுதான் வீண்.

ரெண்டாவது 1994 ஓஸ்லோ ஒப்பந்தம், எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். வியன்னா பக்கத்துல லாக்ஸன்பர்க்ல இருக்கற ஐஐஏஎஸ்ஏங்கற சர்வதேச ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்க ரெய்ன்ஸ்னு ஒரு கம்ப்யூட்டர் மாடல் வச்சிருந்தாங்க, ஐரோப்பா மேப்ப 150 கிலோமீட்டர் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்து மண்ணும் எவ்ளோ அமிலம் தாங்கும், இப்ப எவ்ளோ விழுது, அது எந்த நாட்டுல இருந்து வருது, எந்த நாட்டுல எவ்ளோ செலவுல குறைக்கலாம்னு எல்லாத்தையும் போட்டு, தாங்கறதுக்கு மேல விழறதுல 60 சதவீத இடைவெளிய மூட ஐரோப்பா மொத்தத்துக்கும் கம்மி செலவு எதுன்னு தேடினாங்க. அதனால நாட்டுக்கு நாடு டார்கெட் வேற, 2010க்குள்ள பிரிட்டனுக்கு 80 சதவீதம், போலந்துக்கு 66. முன்னாடி 30க்கே முரண்டு பிடிச்ச பிரிட்டன் 80க்கு எப்படி ஒத்துக்கிச்சுன்னு கேட்டா, மாடல பாத்து மனசு மாறினாங்கன்னு சொல்ல மாட்டேன், கரண்ட் கம்பெனிகள தனியாருக்கு வித்ததும் எல்லாரும் கரிய விட்டுட்டு கேஸ் பிளான்ட்டா கட்ட ஆரம்பிச்சாங்க, சல்ஃபர் தானா இறங்குச்சு. இந்த வழில ஒரு ஓட்டை, செலவு எங்க பண்ணா லாபம்னு மாடல் சொல்லும், யாரு பாக்கெட்ல இருந்துன்னு சொல்லாது.

மூணாவது அமெரிக்கா ஸ்டைல் பர்மிட் சந்தை. 1990 சட்டம், 1995ல முதல் கட்டமா 110 பிளான்ட், கடைசில மொத்த உச்சவரம்பு வருஷத்துக்கு 89.5 லட்சம் டன், ஒரு டன் சல்ஃபர் டை ஆக்ஸைடு விட ஒரு பர்மிட், உச்சவரம்புக்குள்ள அத யாரு வேணா வாங்கலாம் விக்கலாம். டன்னுக்கு பல நூறு டாலர் ஆகும்னு பயந்தாங்க, 1996ல நூறு டாலருக்கும் கீழ வந்துடுச்சு. சந்தையோட வெற்றின்னு எல்லா பாடப்புத்தகத்துலயும் இருக்கு, ஆனா பாதி புகழ் ரயிலுக்கு சேரணும், 1980ல ரயில் கட்டண கட்டுப்பாட்ட தளர்த்தினதுல வயோமிங்ல இருந்து சல்ஃபர் கம்மியான கரி சல்லிசா வந்து இறங்குச்சு, புகைல இருந்து சல்ஃபர பிரிச்செடுக்கற ஸ்க்ரப்பர் மாட்டாமலே நிறைய பிளான்ட் தப்பிச்சுது. அதவிட பெரிய சிக்கல், சந்தைக்கு ஒரு டன்னுன்னா ஒரு டன்தான், அது எங்க பறக்குதுன்னு கவலையில்ல. ஒஹையோக்காரன் பர்மிட் வாங்கி புகைய விட்டுட்டே இருந்தா காத்து அடிக்கற திசைல இருக்கறவனுக்கு என்ன மிச்சம்? வட கரோலினா மாநிலம் இதத்தான் கோர்ட்ல கேட்டுச்சு, 2008 ஜூலைல கோர்ட்டும் அந்த பக்கமே நின்னுச்சு, 2005 கடைசில 1500 டாலர தாண்டி அப்பறம் இறங்கிட்டே வந்த பர்மிட் விலை அதோட படுத்துடுச்சு. கார்பன் டை ஆக்ஸைடுக்கு இந்த சந்தை ஓகே, எங்க விட்டாலும் சூடு ஒண்ணுதான், சல்ஃபர் அப்படி இல்ல.

நாலாவது, அடிபடறவன் காசு குடுத்து நிறுத்தறது. கேக்கவே எரிச்சலா இருக்கும், நம்ம மேல குப்பைய கொட்டறவனுக்கு நாமளே கூலி குடுக்கணுமான்னு. ஆனா கார்ல்-யோரான் மேலர்னு ஒரு ஸ்வீடன் பொருளாதார நிபுணர் 1989ல போட்ட கணக்குப்படி ஐரோப்பா மொத்தமா சேந்து குறைச்சா எல்லாருக்கும் கூட்டி பாத்தா லாபம், பிரிட்டன தனியா எடுத்து பாத்தா நஷ்டம், அவங்க புகை பாதிக்கு மேல வெளிய போகுதே. நஷ்டப்படறவன உள்ள இழுக்க காசு தவிர என்ன இருக்கு? போலந்துல இது நடந்துச்சு, 1992ல ஈகோஃபண்ட்னு ஒரு நிதி, போலந்து குடுக்க வேண்டிய கடன்ல ஒரு பங்க அமெரிக்கா, ஸ்வீடன், நார்வே எல்லாம் தள்ளுபடி பண்ணி அந்த காச எல்லை தாண்டற புகை மாதிரி வேலைக்கு திருப்பினாங்க.

என் ஓட்டு ரெண்டாவதும் நாலாவதும் கலந்த கலவைக்கு, எங்க வெட்டணும்னு ஓஸ்லோ கணக்கு சொல்லட்டும், பில்ல அடிபடறவனும் பங்கு போட்டுக்கட்டும். ஆனா காசு வரும்னு தெரிஞ்சா எவன் தானா ஸ்க்ரப்பர் மாட்டுவான், இழுத்தடிப்பான். நார்வே எல்லைக்கு பக்கத்துல ரஷ்யாவோட நிக்கெல் ஊர் உருக்காலைக்கு நார்வே 1990கள்லயே பணம் தரேன்னு நின்னுச்சு, உலை அணைஞ்சது 2020 டிசம்பர்ல, அதுவும் கம்பெனி தன் கணக்குக்கு மூடினப்பதான்.